முகத்தில் ஊசி போடும் முன்: மருந்தையும் மருத்துவரையும் விசாரிப்பது எப்படி

கோவை ஆர்.எஸ்.புரம், ரேஸ் கோர்ஸ் தொடங்கி திருப்பூர், ஈரோடு, சேலம் வரை ‘போடாக்ஸ்’, ‘ஃபில்லர்’ என்ற பெயர்ப் பலகைகளும் தவணைத் திட்ட விளம்பரங்களும் இப்போது சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்களும் மாப்பிள்ளைகளும், மகளின் சீருக்கு முன்னால் நிற்கவேண்டிய தாய்மார்களும் அங்கே போகிறார்கள். போவதில் குற்றம் காண்பது இக்கட்டுரையின் வேலையன்று. போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கவனத்துக்குரியவை. “எவ்வளவுங்க ஆகும்?”, “வலிக்குமாங்க?”, “எத்தனை நாளைக்கு நிக்குமுங்க?” என்ற மூன்றோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் விலை சொல்லாதவர்கள், தம் முகத்துக்குள் இறங்கும் மருந்தின் பெயரைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். உள்ளே போவது எது, எவ்வளவு போகிறது, போடுவது யார், தவறிப்போனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அங்கே என்ன செய்வார்கள் என்ற நான்கும் தெரிந்த பிறகே விலையைப் பேசுவதில் பொருள் உண்டு.

‘முகத்துக்கு ஊசி’ என்று ஒரே பெயரில் சொல்லப்பட்டாலும், அடிப்படையில் வேறு வேறு வேலை செய்யும் இரண்டு பொருள்கள் அதில் அடங்கியிருக்கின்றன. முதலாவது போட்டுலினம் டாக்சின். போடாக்ஸ் என்பது அதன் ஒரு நிறுவனத் தயாரிப்பின் பெயர். பேச்சில் எல்லா நிறுவனத்தின் மருந்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா சுரக்கும் இந்த நச்சு, நரம்பு முனையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கிறது. கட்டளை வராத தசை சில மாதங்களுக்குச் சுருங்குவதில்லை. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று காட்டியதன் தொடர்ச்சியாக, 1989-இல் அந்நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் ஒப்புதல் அளித்தது. இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுக்கோடுகள் மறைவதைக் கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸும், தோல் மருத்துவரான அவர் கணவர் அலஸ்டர் கரூதர்ஸும் கவனித்து 1992-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். புருவ நடுக்கோட்டுக்கான எஃப்.டி.ஏ. ஒப்புதல் 2002-இல் வந்தது. நோய்க்காக வந்து அழகுக்குத் திரும்பிய மருந்து இது. இன்றும் மருந்துதான், அழகுசாதனப் பொருள் அன்று.

ஊசி போட்டவுடன் மாற்றம் தெரியாது. மூன்று நான்கு நாளில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழுப் பலனும் தெரியும். மூன்று, நான்கு மாதங்களில் தசை பழையபடி இயங்கத் தொடங்கிவிடும். முகத்தைச் சுளிக்கும்போதும் சிரிக்கும்போதும் விழும் கோடுகளுக்குத்தான் இது நன்றாகக் கேட்கிறது. முகம் சும்மா இருக்கும்போதும் ஆழமாகப் பதிந்து நிற்கும் கோடு இதனால் ஓரளவு மங்கலாமே தவிர முழுதாக அழியாது. இதை முன்கூட்டியே சொல்லாத இடத்தில், இரண்டாவது, மூன்றாவது தடவைக்கான பணம் தானாகவே வரிசையில் வந்து நிற்கும்.

இரண்டாவது பொருள் ஃபில்லர். பெயருக்கேற்ப, குழிவிழுந்த இடத்தை நிரப்பும் பசை போன்ற பொருள் அது. கன்னம், உதடு, கண்ணுக்குக் கீழ்ப் பள்ளம், மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் மடிப்பு ஆகிய இடங்களில் இதைப் போடுகிறார்கள். பெரும்பாலானவை ஹையலூரானிக் அமிலத்தால் ஆனவை. நம் தோலிலேயே இயற்கையாக உள்ள அந்தப் பொருள், விரைவில் கரைந்துவிடாதபடி இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பசையாக்கப்படுகிறது. தயாரிப்பையும் இடத்தையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி-எல்-லாக்டிக் அமிலம் என்று வேறு வகைகளும் உண்டு; உடலில் கரையாமல் நிலையாகத் தங்கும் வகையும் உண்டு. இந்த வேறுபாடு வெறும் வேதியியல் அன்று. ஹையலூரானிக் அமில ஃபில்லரை ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிட முடியும். மற்றவற்றை அப்படிக் கரைக்க முடியாது. டாக்சின் செய்ததைத் திருப்பும் ஊசியும் கிடையாது. இமை தொங்கிப்போனால் வாரக்கணக்கில் அது தானாக மேலேறும்வரை காத்திருப்பதே வழி. ‘ஃபில்லர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், “கரைக்கக்கூடியதாங்க, கரைக்க முடியாததாங்க?” என்று கேட்பவர் பாதி விசாரணையை முடித்துவிட்டார் எனலாம்.

அளவு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவதற்கு இடமிருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே பார்க்கலாம். டாக்சின், ஈரமற்ற பொடியாகக் குப்பியில் வருகிறது. 50 யூனிட், 100 யூனிட் என்று குப்பியின் மேலேயே அச்சிட்டிருக்கும். மருத்துவர் அதில் சலைன் கலந்து கரைசலாக்குகிறார். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. கலந்தால் 0.1 மி.லி.க்கு 4 யூனிட். அதே குப்பியில் 5 மி.லி. கலந்தால் அதே 0.1 மி.லி.யில் 2 யூனிட்தான். கண்ணுக்கு இரண்டும் நிறமற்ற நீர்தான். கூடுதலாகக் கலப்பதே மோசடி என்று சொல்லிவிட முடியாது. மருத்துவக் காரணத்தோடும் அப்படிக் கலப்பார்கள். ஆனால் ‘ஒரு ஏரியாவுக்கு இவ்வளவு’, ‘ஒரு சிரிஞ்சுக்கு இவ்வளவு’ என்று விலை சொல்லும் இடத்தில் யூனிட் கணக்கு மறைந்துபோகிறது. போடாக்ஸ் பெட்டியோடு வரும், ஒப்புதல் பெற்ற குறிப்பேட்டின்படி புருவ நடுக்கோட்டுக்கு ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட். கண்ணோரக் கோடுகளுக்கு இருபுறமும் சேர்த்து 24 யூனிட். தசையின் பருமனைப் பார்த்து மருத்துவர் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம், ஆனால் எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் யூனிட் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டுக்குச் சமமன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: அதே புருவ நடுக்கோட்டுக்கு, டிஸ்போர்ட் என்ற வேறொரு நிறுவன டாக்சினின் குறிப்பேடு 50 யூனிட் என்கிறது. ஆகவே ‘அங்கே 50 யூனிட், இங்கே 20தான்’ என்று பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு பிசகிவிடும்.

பேரம் பேசும் பழக்கம் இங்கே எதிராகத் திரும்பும் என்பது என் கருத்து. விலையை இறக்கச் சொல்லி அழுத்தும்போது இறங்குவது பெரும்பாலும் மருந்தின் அளவாகவோ தரமாகவோதான் இருக்கும். அந்த அழுத்தத்தைத் தகவலின் பக்கம் திருப்பினால் நல்லது. முத்திரை உடைக்காத பெட்டியை நம் கண் முன்னே திறக்கச் சொல்லலாம். பெட்டியிலும் குப்பியிலும் உள்ள தயாரிப்பு எண் ஒன்றாக இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன, வெளிநாட்டுச் சரக்காக இருந்தால் இறக்குமதியாளரின் பெயரும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கலாம். போடாக்ஸ் குப்பியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கலந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது குறிப்பேடு. “எப்பக் கலந்ததுங்க இது?” என்ற கேள்வியில் அவமரியாதை ஏதுமில்லை. ஃபில்லர், ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்சாக வருகிறது. பல நிறுவனங்களின் பெட்டிக்குள் தயாரிப்பு எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ஒன்றை மருத்துவக் குறிப்பில் ஒட்டிவிட்டு மற்றொன்றை நம்மிடம் தரச் சொல்ல வேண்டும். ஒருவருக்குப் போட்டு மீந்த ஃபில்லர் சிரிஞ்ச் இன்னொருவர் முகத்துக்கு எந்தக் காரணத்தாலும் போகக் கூடாது.

போலி மருந்தைப் பற்றிய அச்சம் வீண் பேச்சன்று. 2024 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., 11 மாநிலங்களில் 22 பேருக்குப் போலியான அல்லது முறைகேடாகப் போடப்பட்ட போட்டுலினம் ஊசியால் தீங்கு நேர்ந்ததாக அறிவித்தது. வீடுகளிலும் ஸ்பாக்களிலும், உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்களிடமும் அவர்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் வெளிவந்த அம்மையத்தின் இன்னோர் அறிக்கை, நியூ மெக்சிகோ மாநிலத்து ஸ்பா ஒன்றில், சொந்த இரத்தத்தையே பிரித்து முகத்தில் ஏற்றும் பி.ஆர்.பி. சிகிச்சை பெற்றவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதைப் பதிவு செய்தது. அங்கே தொற்றுத் தடுப்பு முறைகள் சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை.

இனி ஃபில்லரின் பெரிய ஆபத்து. நெற்றியிலும் மூக்கின் மேலும் ஓடும் சில இரத்தக்குழாய்கள் கண்ணுக்கு இரத்தம் தரும் தமனியின் கிளைகளாக வெளியே வருபவை. ஊசி முனை தெரியாமல் அப்படியொரு குழாய்க்குள் இருக்கும்போது பசையை அழுத்தித் தள்ளினால், அது இரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கிப் போய், அழுத்தம் தளர்ந்ததும் விழித்திரைக்குப் போகும் குழாயை அடைத்துவிடக்கூடும். பார்வை போய்விடும், திரும்பக் கிடைப்பது அரிது. இது அடிக்கடி நடப்பதன்று, ஆனால் புருவ நடுவிலும் மூக்கிலும் போடும்போது ஆபத்து கூடுதல். அறுவை இல்லாமல் மூக்கை எடுப்பாக்குவதாகச் சொல்லப்படும் ஊசியை ‘சின்ன வேலை’ என்று சொல்பவரிடம் போடாமல் இருப்பது நல்லது. கண்ணுக்குப் போகாமல் தோலுக்குப் போகும் குழாய் அடைபட்டால், அந்த இடத்துத் தோல் முதலில் வெளிறிப்போகும், பிறகு வலைபோல ஊதா நிறத் திட்டுகள் தோன்றும், வலி கூடும், கவனிக்காமல் விட்டால் தோல் கருகி அழுகும். பல ஃபில்லர்களில் மரப்பு மருந்தும் கலந்திருப்பதால் வலி உடனே தெரியாமலும் போகலாம். விரலால் அழுத்தி எடுத்ததும் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால் அது வீட்டில் ஐஸ் வைத்துக் காத்திருக்கும் சமாசாரம் அன்று.

இத்தகைய நேரத்தில் காப்பது ஹையலூரானிடேஸ்தான். அதுவும் உடனடியாக, போதிய அளவில். ஆகவே ஃபில்லர் போடும் இடத்தில் கேட்கவேண்டிய தலையான கேள்வி, “ஹையலூரானிடேஸ் இப்ப இங்க இருக்குதுங்களா?” என்பது. ‘வேணும்னா வாங்கிக்கலாமுங்க’ என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். கொங்கு நாட்டின் தூரங்களையும் இதோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். கோவையில் பெரிய கண் மருத்துவமனைகள் உண்டு. ஆனால் கோபியிலோ தாராபுரத்திலோ ஊசி போட்டுக்கொண்டவருக்குப் பார்வை மங்கினால், கோவை 80 கி.மீ. அளவு தள்ளியிருக்கிறது, விழித்திரையோ அந்தப் பயண நேரம்கூட இரத்தமில்லாமல் தாங்காது. சிற்றூரில் போடக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அந்தச் சிகிச்சை நிலையத்திலேயே மருந்தும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் இருந்தாக வேண்டும் என்பதே பொருள். மாலையில் வந்துபோகும் மருத்துவராக இருந்தால், அவர் போன பிறகு இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் எண்ணோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

யார் போடலாம் என்பதில் குழப்பம் வேண்டுமென்றே வளர்க்கப்படுகிறது. தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி., டி.டி.வி.எல். போன்ற மேற்படிப்பும், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். பட்டமும் இத்துறைக்கு நேரடியாக உரியவை. ‘காஸ்மெடாலஜி’ என்ற பெயரில் சில வாரங்களில் கிடைக்கும் சான்றிதழ்கள் மருத்துவ மேற்படிப்புக்கு ஈடாகா. அழகுக்கலைச் சான்றிதழ் ஊசி பிடிக்கும் உரிமையையே தராது. பட்டத்தைச் சுவரில் பார்த்து முடிவு செய்யவும் தேவையில்லை. மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சிகிச்சை நிலையத்திலும் மருந்துச் சீட்டிலும் பண ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பட்டியலில் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சிகிச்சை நிலையமும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும், கையெழுத்துப் போட்ட மருத்துவர் ஒருவர், ஊசியோடு வருபவர் வேறொருவர் என்ற நிலை உண்டு. “நீங்களேதான் போடுவீங்களா டாக்டர்?” என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நம் பக்கத்திலிருந்து சொல்லவேண்டியவையும் இருக்கின்றன. மறைத்தால் நட்டம் நமக்கே. கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டும் தாய்மாரும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவருக்கு டாக்சின் ஆபத்து. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை எடுப்பவர்களுக்கு இரத்தம் கன்றிப்போகும். அதற்காக அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, இருதய மருத்துவரைக் கேட்க வேண்டும். உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவருக்கு உதட்டு ஃபில்லரால் அது மறுபடி கிளம்பலாம். காயம் தழும்பாகத் தடித்துப்போகும் உடல்வாகு, பழைய ஃபில்லர், பல்லில் சீழ் எல்லாமே சொல்லத்தக்கவை. மாநிறத் தோலில் சிறு அழற்சிகூட ஆறிய பின் கருந்திட்டாக மாதக்கணக்கில் நிற்கும் என்பது வெள்ளைத் தோலுக்காக எழுதிய விளம்பரங்களில் இருக்காது.

ஒப்புதல் படிவம் இன்னொரு சிக்கல். மரப்புக் களிம்பைத் தடவி, அது ஏறுவதற்காக உட்காரவைத்து, அந்த அரை மணி நேரத்தில் ஆங்கிலத்தில் நான்கு பக்கத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பணம் கட்டியாயிற்று, முகத்தில் களிம்பும் பூசியாயிற்று. எழுந்து போக யாருக்கு மனம் வரும்? சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், வேண்டாமென்றால் என்ன ஆகும் என்பவற்றைத் தெரிவித்த பிறகு பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று கூறியது. நோயே இல்லாத ஒருவர் அழகுக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசியில், வேண்டாமென்றால் எந்தக் கேடும் இல்லை. ஆகவே ஆபத்தை விளக்கும் கடமை இங்கே கூடுதலாக இருக்க வேண்டும், குறைவாக அன்று. படிவத்தை முதல் நாளே வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். புரியாத இடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லலாம். புகைப்படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த இசைகிறேன் என்ற வரி அதில் ஒளிந்திருந்தால் அதை அடித்துவிட்டு ஒப்பமிடலாம். மருத்துவக் குறிப்புக்கான ‘முன்’, ‘பின்’ படங்கள் தேவைதான். ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுத்ததாக அவை இருக்க வேண்டும்.

டாக்சின், ஃபில்லர் தவிர மூன்றாவது ஊசி ஒன்றும் இந்தப் பகுதியில் பரவலாக விற்கப்படுகிறது: நிறம் வெளுக்க என்று நரம்பில் ஏற்றும் குளூட்டாதயோன். கறுப்பென்று பெண்ணைக் குறைசொல்லும் சம்பந்திகள் இருக்கும்வரை இதற்குச் சந்தை இருக்கும். தோலை வெளுக்க வைக்க எந்த ஊசி மருந்துக்கும் தான் ஒப்புதல் அளித்ததில்லை என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விவரமறிந்த நோயாளி கேட்கவேண்டிய கேள்விகளை இதற்குப் பட்டியலிட நான் முயலவில்லை. வேண்டாம் என்று சொல்வதே போதும்.

கல்யாணத் தேதியை வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. டாக்சின் முழுப் பலன் தர இரண்டு வாரம். ஒரு புருவம் ஏறி நின்றால் திருத்த அதன் பிறகு ஒரு தடவை. ஃபில்லர் வீக்கமும் கன்றலும் அடங்க ஒன்றிரண்டு வாரம். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முதல்முறையாக எதையும் போடச் சம்மதிக்கும் மருத்துவரைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் மாதங்கள் இருந்தால், தொடக்கத்திலேயே, அதுவும் குறைந்த அளவில், ஒரே ஒரு பொருளை மட்டும் போட்டுப் பார்ப்பது சரியான வரிசை. ‘பேக்கேஜ்’ என்று டாக்சின், ஃபில்லர், லேசர் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடித்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதே பிறகு தெரியாமல் போகும்.

பொதுவாக மருத்துவக் காப்பீடு அழகு சிகிச்சைச் செலவை ஏற்பதில்லை. ஆகவே ரசீது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரசீது நாளைக்கு வேண்டியிருக்கும். மருந்தின் பெயர், தயாரிப்பு எண், யூனிட் அல்லது மி.லி., போட்ட இடங்கள், போட்டவர் பெயர், தேதி ஆகியவை எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால், சிக்கல் வந்து வேறு மருத்துவரிடம் ஓடும்போது அவர் எதைக் கரைப்பது என்று ஊகிக்க வேண்டியிருக்காது. உள்நோயாளியாக இருந்தவரின் மருத்துவப் பதிவேடுகளை மூன்று ஆண்டு காக்கவும், பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் மேற்சொன்ன 2002 விதிகள் மருத்துவரைக் கட்டுப்படுத்துகின்றன. பணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்பது 1995-இல் வி.பி.சாந்தா வழக்கிலேயே முடிவான விஷயம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிகிச்சை எந்த ஊரில் நடந்திருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். தொழில் நடத்தை பற்றிய புகார் சென்னையிலுள்ள மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் முதல் ஆவணமாகக் கேட்கப்படுவது அந்த ஒரு தாள்தான்.